பத்தாவது சேற்றோட்டம்

ரஸல் புல்லில் முழங்காலிட்டு உட்கார்ந்து தன் அக்கா பவுலினின் காலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தான். குழாய் ஒழுகினால் ஒட்டுவார்களே, அந்த வெள்ளி நிற டேப். ஷூவின் அடியில் தொடங்கிக் கணுக்கால் வரை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. வீடுகளுக்குச் சுவர் பூசுவது அவன் தொழில். பூசவோ ஒட்டவோ ஏதாவது கிடைத்துவிட்டால் அவன் கை லேசில் நிற்காது.

“போதும்டா. காலுக்கு ரத்தம் போக வேணாமா?”

“சேறு ஷூவை அப்படியே உருவிட்டுப் போயிரும்க்கா. போன வருஷம் ஒருத்தன் ரெண்டு காலும் வெறுங்காலா வந்து சேந்தான், பாவம். ஒன்பது வருஷமா ஓடறவன் சொல்றேன், கேட்டுக்க.”

நான்காவது சுற்றும் விழுந்தது. பவுலின் டேப்பைப் பார்க்கவில்லை. குனிந்திருந்த தம்பியின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அவளுக்கு இதே வேலை. எங்கே அவனைக் கண்டாலும் முதலில் உதடுகளின் நிறத்தைத்தான் பார்ப்பாள்.

அக்டோபரில் அவள் வீட்டு அலமாரியை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன் படியிலேயே சுருண்டு விழுந்தான். அரை நிமிடத்தில் எழுந்து, கால் வழுக்கிவிட்டது என்று சிரித்தான். காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும்போதுதான் இது இரண்டாவது தடவை என்ற உண்மை வெளியே வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. இதயத்தின் துடிப்பு திடீரென்று தாளம் தப்புகிறதோ என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். பெரிய பரிசோதனைக்கு பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி கொடுத்தார். அதுவரை ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, குளிர்ந்த தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார்.

“ஷெரில்கிட்ட மூச்சு விடாதக்கா,” என்றான் ரஸல், மருத்துவமனை வாசலில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு. ஷெரில் அவன் மனைவி. “அவ அப்பா இதுலதான் போனாரு. தெரிஞ்சா அவ ராத்திரி பூரா என் மூக்குல கைய வெச்சுப் பாத்துக்கிட்டே கிடப்பா. சத்தியம் பண்ணு.”

பவுலின் சத்தியம் செய்தாள். செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டாள்.

ஜனவரி கடைசி ஞாயிறு வந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் ஹக்கின்ஸ் என்ற விவசாயியின் பண்ணையில் வருடந்தோறும் நடக்கும் சேற்றோட்டம். மேடு, பள்ளம், வைக்கோல் கட்டு, குழாய், குட்டை என்று இருபது தடைகள். பத்து வருடம் முடித்தவர்களின் பெயரைத் தானியக் கொட்டகையின் பெரிய கதவில் ஹக்கின்ஸ் தன் கையால் வெள்ளைப் பெயின்டில் எழுதுவார். பதினொரு பெயர்கள் இருந்தன. பன்னிரண்டாவது தன் பெயர் என்று ரஸல் ஒன்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பரிசோதனை பிப்ரவரியில்தானே, ஓட்டம் ஜனவரியில்தானே என்பது அவன் கணக்கு. இந்தக் கணக்கை அவனிடமிருந்து பிடுங்க பவுலின் கிறிஸ்துமஸ் முழுக்கப் போராடினாள். கெஞ்சினாள், திட்டினாள், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் தானும் பெயர் கொடுத்துவிட்டாள்.

ஐம்பத்தொரு வயது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள். பள்ளிக்கூட வாசலில் வட்டப் பலகை வைத்த கம்பைப் பிடித்துக்கொண்டு, வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவள். கூடவே ஓடினால் அவன் விழும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தொண்ணூறு கிலோ ஆளைச் சேற்றில் எப்படிப் பிடிப்பது என்று அவள் யோசிக்கவில்லை. பயம் வந்தவர்களுக்கு அவ்வளவு தூரம் யோசனை ஓடாது.

மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்புறம் ஒரு கட்டம் இருந்தது. உடலில் ஏதாவது கோளாறு இருக்கிறதா, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதும் இடம். அந்த ஓட்டத்தில் அதை யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை. யார் நன்றாகக் கிண்டலாக எழுதுகிறார்கள் என்பதே தனிப் போட்டி. ரஸல், ‘வேலை செய்தால் உடம்பு அரிக்கும். அவசரத்துக்கு பப் முதலாளியைக் கூப்பிடவும்’ என்று எழுதிச் சுற்றி நின்றவர்களிடம் படித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

பவுலின் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். “இதுலயாவது உண்மைய எழுதுடா.”

“எழுதினா உள்ளயே விடமாட்டாங்கக்கா.”

“அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்.”

“நீ ஒண்ணு. வா, குளிருது,” என்று அட்டையை மார்பில் குத்திக்கொண்டான்.

ஷெரில் கம்பளித் தொப்பியும் டீ பிளாஸ்க்குமாகக் கயிற்றுக்கு அப்பால் நின்றாள். “அண்ணி, பாத்து. இவன் குழந்தை மாதிரி, தனியா விட்டுறாதீங்க,” என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பவுலின் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

முதல் ஐந்து தடைகள் வெறும் மேடும் வைக்கோலும். ரஸல் முன்னால், பவுலின் பின்னால். அவள் தன் மூச்சைக் கவனிக்கவில்லை. அவன் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டு ஓடினாள். குளிரில் வாயிலிருந்து வரும் வெண்புகை கண்ணுக்குத் தெரிந்ததால் எண்ணுவது சுலபமாக இருந்தது. கொஞ்சம் புகை வரத் தாமதித்தாலும் எட்டி அவன் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

ஏழாவது தடை, படுத்து ஊர்ந்து போக வேண்டிய சிமென்ட் குழாய். உள்ளே கும்மிருட்டு. மணிக்கட்டு ஆழத்துக்குச் சகதி. முன்னால் ரஸலின் ஷூ அடிகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. பாதிக் குழாயில் அந்த ஷூக்கள் நின்றன.

“ரஸல்.”

பின்னாலிருந்து வேறு யாரோ அவள் காலை இடித்தார்கள். அவள் கையை நீட்டி ஷூவைப் பிடித்து ஆட்டினாள். ஷூ கல் மாதிரி கிடந்தது. இந்தக் குழாயிலிருந்து அவனை எப்படி வெளியே இழுப்பது, முன்னாலா, பின்னாலா, எத்தனை நிமிடம் ஆகும்? மறுபடி கூப்பிட்டாள்.

“இருக்கேன்க்கா, இருக்கேன்,” என்று குழாய்க்குள் குரல் உருண்டு வந்தது. சிரிப்பில் அவன் உடம்பு குலுங்கியது. “முன்னாடி போறவருக்கு பேன்ட் அவுந்துருச்சு. மனுஷன் மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு எதிர்ல என்ன காட்சின்னு நீ மட்டும் பாத்தேன்னா…”

அவன் வாயில் ஓர் அறை கொடுக்க வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு. சகதியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தாள்.

பத்தாவது தடையில் பெரிய சேற்றுப் பள்ளம். இடுப்பளவு சேற்றில் நடந்து, விழுந்து, உருண்டு மேலே வந்தபோது மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். எல்லா முகமும் களிமண். ரஸல் சிரித்தபோது பல் மட்டும் தெரிந்தது. உதடு தெரியவில்லை. ஊதாவா, சிவப்பா, வெளுத்ததா, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடி நழுவிப் போனது. சட்டைக்குள் கைவிட்டு உள்பனியனின் ஓரத்தை இழுத்து அவன் வாயைத் துடைக்கப் போனாள்.

“என்னக்கா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க.”

“காட்டுடா.”

“இந்தக் குளிர்ல எல்லார் உதடும் நீலமாத்தான் இருக்கும். உன் உதட்ட நீ பாத்தியா?” என்று விலகி ஓடினான்.

பதினான்காவது தடை தாண்டியதும் அவன் ஒரு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலை தொங்கியது. இடது கை விலாவில் இருந்தது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. விலாவுல பிடிச்சுக்கிச்சு.”

“போதும். இங்கேயே நிறுத்திக்கலாம்டா. நான் முடியலைன்னு சொல்றேன். அக்காவுக்காக நின்னேன்னு நீ சொல்லிக்க. யாரும் உன்ன எதுவும் சொல்லமாட்டாங்க.”

“இன்னும் ஆறுதான்.”

“ரஸல், எனக்குப் பயமா இருக்குடா.” அவள் இதை இதுவரை இந்த வார்த்தையில் சொன்னதில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். களிமண்ணுக்குள் இரண்டு கண்கள். ஒரு நொடி அவனும் பயந்தவன் போலத்தான் இருந்தான். பிறகு பல்லைக் காட்டினான். “பேர எழுதிட்டுச் சாகறேன், விடு,” என்று மறுபடி ஓடத் தொடங்கினான். கிண்டல்தான். அவளுக்கு அது கிண்டலாகக் கேட்கவில்லை.

பதினாறாவது, ஆடு குளிப்பாட்டும் பழைய குட்டை. காலையில் மண்வெட்டியால் உடைத்த பனிக்கட்டிகள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. குறுக்கே மூன்று மரத்தண்டுகள் மிதந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் முங்கி எழுந்து போக வேண்டும். படம் எடுக்க வசதியான இடம் என்பதால் கயிற்றுக்கு அப்பால் கூட்டம். ஷெரிலும் அங்கே வந்து நின்றிருந்தாள். குட்டைக்குள் மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பந்தயக் காவலர்கள் மார்புவரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

ரஸல் மூன்று முறை முங்கினான். மூன்று முறையும் எழுந்தான். பவுலின் ஒவ்வொரு முறையும் அவன் தலை வெளியே வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவன் அக்கரையில் ஏறியதைப் பார்த்த பிறகே தான் இறங்கினாள். கடைசித் தண்டைத் தாண்டி எழுந்து கால் வைத்தபோது வலது கால் எதற்கோ அடியில் சொருகிக்கொண்டது. பழைய டயரோ, வேரோ. இழுத்தாள். வரவில்லை. தண்ணீர் அவள் நெஞ்சுவரை இருந்தது.

காவலர்களில் இளம்பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து அவள் கக்கத்தில் கை கொடுத்தாள். “பயப்படாதீங்க. இது இங்க வழக்கம்தான். ஷூவ விட்டுட்டுக் கால மட்டும் உருவுங்க. வருஷத்துக்கு இருபது ஷூ இங்க கிடக்கும்.”

“உருவ முடியாது. டேப் சுத்தியிருக்கு.”

“எத்தனை சுத்து?”

“நாலு.”

“யாரு சாமி இது, நாலு சுத்து?” என்றாள் அந்தப் பெண். “சரி, இருங்க. கத்தி இருக்கு. நான் கீழ போய் அறுத்து விடறேன். நீங்க அசையாம நில்லுங்க.”

அவ்வளவுதான் விஷயம். பவுலினுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. குளிரும், கொஞ்சம் நேரம் ஆகும். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஆனால் கரையில் நின்றவனுக்கு அது போதவில்லை. “நான் சுத்தினது. நான்தான் அவுக்கணும்,” என்று கத்திக்கொண்டு ரஸல் மறுபடி தண்ணீரில் குதித்தான். கூட்டம் கைதட்டியது. பனிக்கட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து காவல்காரப் பெண்ணின் கையிலிருந்து கத்தியை வாங்கினான். மூச்சை நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்தான். தண்ணீரில் கழுவப்பட்டிருந்த அவன் முகம் இப்போது பவுலினுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. உதடு தெரிந்தது. அது மற்றவர்கள் உதடு போல நீலமாக இல்லை. சாம்பல் நிறமாக இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக லாரிகளை நிறுத்திய குரல் அவளிடம் இருந்தது. மூன்று மாதமாக அதை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“நில்லு,” என்று கத்தினாள். குட்டைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். “அவன முங்க விடாதீங்க. அவனுக்கு இதயத்துல கோளாறு. டாக்டர் தண்ணியிலயே இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு தடவ விழுந்துட்டான். பிடிங்க அவன.”

கைதட்டல் நின்றது. ரஸல் இழுத்த மூச்சு வெளியே வந்தது. அவன் அக்காவைப் பார்த்த பார்வையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சின்ன வயதில் அவனுடைய பொம்மை ரயிலை அவள் மிதித்து உடைத்தபோதுகூட அவன் இப்படிப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு அப்பால் ஷெரிலின் கையிலிருந்த பிளாஸ்க் கீழே விழுந்தது.

காவல்காரப் பெண் யோசிக்கவே இல்லை. இதயம் என்று காதில் விழுந்தால் அங்கே ஓட்டம் முடிந்தது என்பது விதி. அவள் ரஸலின் தோளைப் பிடித்துக் கரைக்குத் திருப்பி, மார்பிலிருந்த அட்டையைக் கிழித்து எடுத்தாள். பின்புறம் திருப்பிப் படித்தாள். வேலை செய்தால் உடம்பு அரிக்கும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலுதவிக் கூடாரம் ஐம்பதடியில் இருந்தது. பவுலினின் கால் டேப்பை இன்னொரு காவலர் அறுத்து விடுவித்து, அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது ரஸலின் திட்டு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. கட்டிலில் வெள்ளிக் காகிதப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். ஒரு மருத்துவ உதவியாளர் அவன் நெஞ்சுச் சேற்றைத் துண்டால் துடைத்து வயர்களை ஒட்ட முயன்றார். அவன் கையைத் தட்டிவிட்டான். ஷெரில் ஓரமாக நின்றாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை, பவுலினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“அக்டோபர்ல.”

ஷெரில் விரல் மடக்கி மாதங்களை எண்ணினாள்.

“பதினாறு முடிச்சேன்,” என்றான் ரஸல். “நாலு. நாலே நாலு. ஒன்பது வருஷம் போச்சு. சத்தியம் பண்ணியேக்கா. உன்ன நம்பித்தான சொன்னேன். ஊரக் கூட்டி வெச்சு, என் பொண்டாட்டி காதுல விழற மாதிரி… நீ ரோட்ல நின்னு வண்டிய நிறுத்தற பழக்கத்த வீட்லயும் வெச்சிருக்க. எப்பவும் இதே. சின்ன வயசுலேர்ந்து இதே. நான் மரத்துல ஏறினா அம்மாகிட்ட சொல்ற, நான் சைக்கிள் எடுத்தா அப்பாகிட்ட சொல்ற…”

பவுலின் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வலது காலில் மட்டும் ஷூ இல்லை. அவன் சொல்வதெல்லாம் உண்மை. இந்தத் திட்டு சீக்கிரம் முடியாதா என்று அவளுக்கு இருந்தது.

“இனிமே உன்ன நான்…” என்றான் ரஸல்.

வார்த்தை தேடுகிறான் என்றுதான் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவன் கண் திறந்தே இருந்தது, அவளைப் பார்க்கவில்லை. போர்வை சரசரத்தது. அவன் பக்கவாட்டில் சாய்ந்தான்.

பிறகு நடந்ததெல்லாம் மிக வேகமாக நடந்தது. உதவியாளர் அவனைக் கட்டிலில் மல்லாத்திப் போட்டு நெஞ்சில் ஏறி அழுத்தத் தொடங்கினார். இன்னொருவர் துண்டால் மிச்சச் சேற்றை வழித்தெறிந்து இரண்டு பட்டைகளை ஒட்டினார். இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில். “யாரும் தொடாதீங்க,” என்றார் ஒருவர். ரஸலின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது.

பவுலின் ஷெரிலின் கையைப் பிடித்திருந்தாளா, ஷெரில் அவள் கையைப் பிடித்திருந்தாளா, தெரியவில்லை. எண்ணிக்கொண்டு வந்த மூச்சு நின்றுவிட்டது, எண்ண ஒன்றும் இல்லை. திட்டுடா என்று மனதுக்குள் கெஞ்சினாள். என்ன வேண்டுமானாலும் சொல்லு. அந்த வாக்கியத்தை முடி. இனிமே உன்ன நான் என்ன? முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லு, சாவுக்கும் வராதே என்று சொல்லு, எதையாவது சொல்லு. ஆயுள் முழுக்க அந்தப் பாதி வாக்கியத்தோடு தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று பயந்தாள். குட்டையின் அடியில், கறுப்புத் தண்ணீருக்குள், கையில் கத்தியோடு இது நடந்திருந்தால் என்ற நினைப்பு வந்தபோது ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வந்துட்டாரு,” என்றார் நெஞ்சை அழுத்தியவர். “துடிப்பு வந்துடுச்சு.”

ஆம்புலன்ஸ் கொட்டகைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. ரஸலை அதில் ஏற்றும்போது மூக்கில் குழாய் இருந்தது. உதட்டில் மெல்ல ரத்தம் திரும்பியிருந்தது. ஷெரில் அவனோடு ஏறினாள். ஏறும்போது திரும்பி, “உங்ககிட்ட எனக்கு நிறையப் பேசணும் அண்ணி,” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிப் பவுலினின் தலையில் மாட்டிவிட்டாள்.

“அக்கா,” என்றான் ரஸல் உள்ளிருந்து. குரல் சன்னமாக இருந்தது. “எத்தன முடிச்சேன்?”

“பதினாறு.”

“அப்புறம் ஏன் நிறுத்தினேன்?”

பவுலின் ஆம்புலன்ஸின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு ஒன்றுமே நினைவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாம். குளிர் தாங்காமல் விழுந்தாய் என்று சொல்லிவிடலாம்.

“நான்தான் சொல்லிட்டேன்டா. எல்லார் முன்னாடியும். ஷெரில் காதுல விழற மாதிரி.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதவியாளர் கதவைச் சாத்தக் கை வைத்தார்.

“நல்லாத் திட்டியிருப்பேனே,” என்றான்.

“திட்டின. பாதியில நின்னுருச்சு.”

“சரி. மிச்சத்த நாளைக்குத் திட்டறேன்.”

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. டேப் ஒட்டிய ஒரு காலும் வெறுங்காலுமாக நின்றுகொண்டு, “காலையிலயே வந்துடறேன்டா,” என்றாள்.